தம்பியிடம் கேட்டீர்களா?

மனமும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

(மனநலச் சட்டம் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார், மதுரையில் முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கும் நம் பத்தியாளர். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.)

என் தம்பிக்கு 27 வயது. இருமுனை மனநோய் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை சாப்பிடும்போது நன்றாக இருப்பான், கடைக்குப் போவான், கணக்குப் பார்ப்பான். வருடத்துக்கு ஒரு தடவை மாத்திரையை நிறுத்திவிடுவான். அப்புறம் பத்து நாள் தூக்கமே கிடையாது, கடன் வாங்கி ஊரெல்லாம் செலவு செய்வான். இந்த முறை அப்பாவைத் தள்ளிவிட்டுவிட்டான். ஏதாவது ஒரு இல்லத்தில் நிரந்தரமாக விட்டுவிடச் சொல்கிறார் மாமா. அவன் சம்மதம் இல்லாமல் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா?
— வாசகி, பரமக்குடி

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அப்பா சொல்வது இருக்கிறது, மாமா சொல்வது இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுகூட இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் இருக்கும். என் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ‘நிரந்தரமாக விட்டுவிடுவது’ என்ற ஒன்றே அதில் கிடையாது. மருத்துவமனையில் நீண்ட காலம் வைத்திருப்பது விதிவிலக்கான நிலையில்தான், அதுவும் முடிந்தவரை குறைந்த நாட்களுக்குத்தான் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவருடைய உரிமை, வீட்டார் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் என்பதற்காக ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆம் பிரிவு. மாமா சொல்லும் இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்பது தனிக் கேள்வி. பதிவில்லாமல் நடத்தினால் அது குற்றம்.

தம்பி தானாகவே போய்ச் சேரலாம். அதுதான் இந்தச் சட்டம் எதிர்பார்க்கும் வழி. அப்படிச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்ப வேண்டும். ஆபத்து இருப்பதாக நினைத்தால் மனநல நிபுணர் 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கலாம்.

அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது, அவருடைய ‘நியமனப் பிரதிநிதி’, அதாவது அவர் சார்பில் பேசும் பொறுப்புள்ளவர், விண்ணப்பித்துச் சேர்க்கலாம். இது 89ஆம் பிரிவு. மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயன்றிருக்க வேண்டும், அல்லது மற்றவர் அஞ்சும்படி நடந்திருக்க வேண்டும், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்க வேண்டும். சேர்த்த செய்தி ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும் (பெண்களுக்கும் சிறார்களுக்கும் மூன்றே நாள்). உச்ச வரம்பு 30 நாள். அதற்கு மேல் வைக்க வேறு நடைமுறை, வாரியத்தின் அனுமதியும் வேண்டும். இந்தச் சேர்க்கை வேண்டாம் என்று தம்பியே வாரியத்துக்கு எழுதலாம், அதற்கு இலவச வழக்கறிஞரும் கேட்கலாம்.

இனி என் வீட்டுக் கதை. என் அண்ணன் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். குரல்கள் கேட்க ஆரம்பித்தபோது அவருக்கு முப்பது வயது. 1998இல் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் ஓர் இடத்தைச் சொன்னார். ஓலைக் கொட்டகை. பணம் கட்டினால் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ‘ஊருக்குப் போகலாம்’ என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனோம். நானும் கூடப் போனேன், நான் அப்போதே வழக்கறிஞர். ஐந்து மாதம் கழித்துக் கூட்டி வந்தபோது வலது கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. சித்திரை வெயிலிலும் அண்ணன் காலுறை போடாமல் வெளியே வந்ததில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மறுநாள் பேப்பரை அப்பா படித்துவிட்டு மடித்துப் பரணில் வைத்தார், அண்ணன் கண்ணில் படக்கூடாது என்று. அண்ணன் அதற்கு முன்பே டீக்கடையில் படித்திருந்தார். ‘நான் இருந்த இடத்திலும் ஓலைதான்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் தானாகவே அந்தச் சம்பவத்தை வழக்காக எடுத்தது. ஆனால் அப்போதிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு உரிமம் கொடுப்பது, சேர்ப்பது, வெளியே விடுவது பற்றியது. நோயாளியின் உரிமைகள் என்று அதில் இருந்த இடம் சிறியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது, அதற்கேற்பச் சட்டத்தை மாற்ற வேண்டி வந்தது. அப்படித்தான் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அதன் 95ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. அந்த வரியை முதலில் படித்தபோது என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

சரி, உங்களுக்கு இப்போது உதவக்கூடியது இதே சட்டத்தின் 5ஆம் பிரிவு. ‘முன்கூட்டிய வழிகாட்டுதல்’ என்று அதற்குப் பெயர். எனக்கு மறுபடி நோய் வந்து முடிவெடுக்க முடியாமல் போனால் என்னை எப்படிப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும் என்று 18 வயது முடிந்த யாரும் எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மாவட்டம் எந்த வாரியத்தின் கீழ் வருகிறது என்று மாநில மனநல ஆணையத்தில் கேளுங்கள். மருத்துவர் இதை மதிக்க வேண்டும். ஏற்க முடியாது என்றால் அவரோ வீட்டாரோ வாரியத்திடம்தான் போக வேண்டும், தாங்களாக மீற முடியாது. அவசர சிகிச்சைக்கு மட்டும் இது பொருந்தாது.

அண்ணன் 2019இல் எழுதினார். ஒரு பக்கம் முழுவதும் அவர் கையெழுத்து. ‘ஊசி போடும் முன் என்ன ஊசி என்று சொல்லவும். தங்கை வரும்வரை கதவைப் பூட்ட வேண்டாம். மொட்டை அடிக்கக் கூடாது.’ மொட்டை அடிக்கக் கூடாது என்பது 20ஆம் பிரிவிலேயே இருக்கிறது அண்ணா, நீங்கள் எழுத வேண்டாம் என்றேன். ‘இருக்கட்டும், நானும் எழுதுகிறேன்’ என்றார். அதற்குப் பிறகு இரண்டு முறை உடம்பு சரியில்லாமல் போனது. இரண்டு முறையும் அவரே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனார். அந்தத் தாள் சட்டைப் பையில் இருந்தது.

தம்பி தெளிவாக இருக்கும் நாளில் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மாத்திரை என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஏன் நிறுத்துகிறார்? உடம்பு பெருக்கிறதா, கை நடுங்குகிறதா, கணக்குப் பார்க்கும்போது மந்தமாக இருக்கிறதா? இதையெல்லாம் டாக்டரிடம் அவரே சொன்னால் மருந்தை மாற்ற வழியுண்டு. தூக்கம் குறையும் இரண்டாவது நாளே யாரிடம் சொல்ல வேண்டும், கடையின் பணப்பெட்டிச் சாவியை அப்போது யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதட்டும். பத்தாவது நாளில் நீங்கள் படும் பாடு இரண்டாவது நாளில் இருக்காது. அப்பா விழுந்தது எனக்கும் கவலைதான், அதை நான் சிறிதாக்கவில்லை. அந்த இரவு மறுபடி வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் ஒன்பது நாள் சேர்ந்திருந்தேன். மனநோய்க்குக் காப்பீடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பிவிட்டது. என்ன செய்ய?
— வாசகர், கோவை

அந்தக் கடிதம் செல்லாது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதே போன்ற வழக்கில் பணத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதம் பாருங்கள். சரியான பதில் இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. ஆறு மாதம் முன்பே நீங்கள் ஆலோசகரிடம் வாரம் ஒரு முறை போயிருந்தால், அந்த ஒன்பது நாள் வராமலே போயிருக்கலாம். அந்தச் செலவை உங்கள் கையிலிருந்துதான் கட்டியிருப்பீர்கள். இது மாற வேண்டும். சமத்துவம் என்று சட்டம் சொன்னது இதையும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு 24 வயது. சென்ற ஆண்டு உயிரை விட முயன்றேன், காப்பாற்றிவிட்டார்கள். மருத்துவமனையில் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது அரசுத் தேர்வு எழுதப் போகிறேன். என் மேல் வழக்கு இருக்குமா?
— வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

முதலில், நீங்கள் இருக்கிறீர்கள், தேர்வு எழுதப் போகிறீர்கள். இதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது தம்பி.

மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது வழக்கம். தகவல் வேறு, வழக்கு வேறு. இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அதே பிரிவின் அடுத்த வரி சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்துவதற்காக அப்படிச் செய்வதாக இருந்தால் மட்டும் 226ஆம் பிரிவு உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது.

எப்.ஐ.ஆர். ஏதும் போடப்பட்டதா என்று காவல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். போட்டிருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள். ரத்து செய்ய வழி இருக்கிறது.

அரசு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிற அந்தச் சிகிச்சை கிடைத்ததா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. கிடைக்கவில்லை என்றால் இப்போதும் கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பாரமாக இருந்தால் 14416, எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். இது ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் எண், தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. தேர்வு முடிவு வரும் வாரத்தில் தனியாக இருக்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் மூன்று மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். போலீசிடம் சொன்னால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள்.
— வாசகி, காரைக்குடி

அவர்கள் வேலைதான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குத் தரும் கடமை அது. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே அவசர சிகிச்சை, மீட்பு மையங்கள் இருக்கின்றன. போகும்போது அந்தப் பெண்ணிடம் பெயர் கேளுங்கள். அவர் எந்த ஊர், யார் என்று கண்டுபிடிக்க அந்தப் பெயர் உதவும்.

நான் ஊராட்சி மன்ற உறுப்பினர், தஞ்சைப் பக்கம். சென்ற இரண்டு ஆண்டில் எங்கள் ஊரில் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், ஒருவர் பிளஸ் டூ மாணவி. ‘மனநலம் டாக்டர் விஷயம், நாம் என்ன செய்ய முடியும்’ என்கிறார்கள். ஊராட்சிக்கு இதில் ஏதாவது அதிகாரம் இருக்கிறதா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பத்தியை எழுத உட்கார்ந்தேன் ஐயா.

தற்கொலையைக் குறைக்கத் திட்டங்கள் போட்டு நடத்துவது அரசின் கடமை என்று 29ஆம் பிரிவில் வெளிப்படையாக இருக்கிறது. யாரும் அதிகம் பேசாத பிரிவு அது. உரிமை என்றால் சிகிச்சை கேட்கும் உரிமை என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். நோயும் சாவும் வருமுன் தடுக்கச் சொல்லிக் கேட்பதும் உரிமைதான்.

டாக்டர் விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 1995இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. அந்த ஆண்டு மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் என்ற இரண்டு பூச்சிமருந்துகளை அரசு தடை செய்தது. 1998இல் எண்டோசல்பான். பத்தே ஆண்டில் சாவு பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை. போரும் துயரமும் அந்த ஊரில் அப்போது தீர்ந்துவிடவில்லை, மனநல மருத்துவர்களும் திடீரென்று பெருகிவிடவில்லை. மனம் உடைந்த அந்த அரை மணி நேரத்தில் உயிரைக் கொல்லும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்த நேரம் கடந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாடும் 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது.

ஊராட்சிக்கு நெருக்கமான உதாரணம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கிறது. சென்னையில் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் அங்கே கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொதுச் சேமிப்பறை கட்டி, வங்கி லாக்கர் போல ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுடன் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வீட்டில் இல்லை, தேவைப்படும்போது போய் எடுக்க வேண்டும். விவசாயிகள் இதை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் ஊரில் பயன்படாத ஒரு பழைய கட்டடம் இருக்காதா?

மாணவி பற்றி. பிளஸ் டூ முடிவு வந்த ஒன்றிரண்டு மாதத்தில் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரிக்குப் போக முடிகிறதே, அது எப்போதும் இருந்த வசதி இல்லை. ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும் என்பதே நிலைமையாக இருந்தது. தேர்வில் தோற்ற பிள்ளைகள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று சினேகா போன்றவர்கள் கேட்டுக்கேட்டு வந்தது அது. தேர்வு அட்டவணையில் செய்த ஒரு மாற்றம்கூட உயிர் காக்கும் கொள்கைதான். உங்கள் ஊரில் முடிவு வரும் நாளில் துணைத் தேர்வு தேதியையும் கட்டணத்தையும் தகவல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஊரே கட்டலாம்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், மனநலம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருந்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதையும், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். சட்டம் வரும்வரை இது நாடு முழுவதும் பொருந்தும். உங்கள் பகுதிப் பள்ளியிடமும் கோச்சிங் சென்டரிடமும் ஆலோசகர் யார் என்று கேட்டு எழுதுங்கள். ‘இன்னும் நியமிக்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள், அதுவே ஆதாரம்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டிலேயே முதல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி, உங்களுக்குப் பக்கத்து மாவட்டம். இன்று அந்தத் திட்டத்தின் மனநலக் குழு உங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்தத் தேதியில் வருகிறார்கள் என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். மருந்துகள் இலவசம்.

அக்டோபர் 2 கிராம சபையில் மூன்று தீர்மானங்கள் போதும்: பூச்சிமருந்துச் சேமிப்பறைக்கு இடம், மனநலக் குழு வரும் தேதியை ஒலிபெருக்கியில் அறிவிப்பது, பள்ளிக்கு ஆலோசகர். அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். கிராம சபை தீர்மானத்தை மாவட்ட ஆட்சியரும் சுகாதாரத் துறையும் ‘பார்க்கவில்லை’ என்று சொல்ல முடியாது. இறந்த மூவரின் வீட்டாரையும் முன்பே நேரில் போய்ப் பாருங்கள். கூட்டத்தில் அவர்கள் பெயரைச் சொல்லலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். தீர்மானத்தை எழுதியதும் நகல் ஒன்றை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள், நிறைவேற்றுவதற்கு முன் சட்டப்படி வார்த்தைகள் சரிதானா என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.